மாதச் சம்பளமா, நாட்கூலியா, கொந்தராத்தா: வன்னியில் ஆள் வைப்பவருக்கு ஒரு கணக்கு

வட இலங்கையின் வன்னியில், பரந்தனிலோ மாங்குளத்திலோ புதுக்குடியிருப்பிலோ ஒரு சிறு தொழில் தொடங்குகிறவர் முதலில் விசாரிப்பது வாடகை, கரண்ட், வங்கிக் கடன். வேலைக்கு வருகிறவர்களுக்குச் சம்பளத்தை எந்த முறையில் கொடுப்பது என்பது கடைசியில்தான் ஞாபகம் வரும். அதுவும் பக்கத்துக் கடைக்காரர் என்ன கொடுக்கிறார் என்று கேட்டு, அதையே இவரும் கொடுப்பதோடு முடிந்துவிடும். நான் இங்கே சில கடைகளுக்கும் ஓர் அரிசி ஆலைக்கும் கணக்கு எழுதுகிறவன். சட்டப்படியான ஆகக்குறைந்த மாதச் சம்பளம் 2026 ஜனவரியில் முப்பதாயிரம் ஆனதிலிருந்து எல்லோரும் கேட்பது ஒன்றைத்தான்: "தம்பி, முப்பதாயிரம் எண்டு சொல்லுகினம், அது எங்களுக்கும் வருமோ? நாட்கூலிக்கு மாத்தினால் தப்பலாமோ?"

வரும். நாட்கூலிக்கு மாற்றினாலும் தப்ப முடியாது. ஆனால் மாதச் சம்பளம், நாட்கூலி, கொந்தராத்து (முழு வேலைக்கும் ஒரு தொகை பேசுவது) மூன்றும் எல்லாத் தொழிலுக்கும் ஒரே மாதிரிப் பொருந்தாது. எதை எடுப்பது என்று முடிவு செய்வதற்கு முன் சட்டம் எங்கே நிற்கிறது என்பதைச் சுருக்கமாகப் பார்த்துவிடலாம்.

தேசிய ஆகக்குறைந்த வேதனச் சட்டம் 2016இல் வந்தபோது தொகை மாதம் 10,000 ரூபா, நாளுக்கு 400 ரூபா. 2021இல் அது 12,500 ஆகவும் 500 ஆகவும் ஏறியது. 2024இல் 17,500, நாளுக்கு 700. இதற்கு மேல் 2005, 2016 ஆண்டுகளில் சட்டமாக வந்த வரவுசெலவு நிவாரணப்படிகள் இரண்டும் சேர்ந்து 3,500 இருந்ததால் அப்போது உண்மையில் கொடுக்கவேண்டியிருந்தது 21,000. பிறகு அந்தப் படிகளையும் உள்ளே சேர்த்து 2025 ஏப்ரலில் 27,000 ஆக்கினார்கள், நாளுக்கு 1,080. 2026 ஜனவரி முதலாம் திகதியிலிருந்து 30,000, நாளுக்கு 1,200. இத்தனை வருடம் அடியில் கிடந்த தொகை இரண்டு வருடத்துக்குள் மேலே வந்துவிட்டது. வன்னிக் கடைக்காரர்கள் திகைத்துப்போனது அதனால்தான். அதற்கு முன் கொடுத்தது நியாயமான சம்பளம் என்று யாரும் வாதாடுவதை நான் கேட்டதில்லை.

இது அடித்தளம் மட்டும். 1941ஆம் ஆண்டின் சம்பளச் சபைகள் கட்டளைச் சட்டத்தின்கீழ் ஆடைத் தொழில், நெல் குற்றும் ஆலை, கட்டட வேலை என்று தொழிலுக்குத் தொழில் தனிச் சபைகள் இருக்கின்றன. உங்கள் தொழிலுக்குச் சபை இருந்தால் அதன் தொகையையும் பார்க்கவேண்டும். இரண்டில் எது கூடவோ அதுதான் கணக்கு. வீட்டு வேலைக்கு நிற்பவர்கள் தேசியச் சட்டத்துக்குள் இல்லை. அது பெரிய அநியாயம், ஆனால் அதைத் தனியாகத்தான் எழுதவேண்டும்.

சரி, மூன்று முறைக்கும் வருவோம். என் பார்வையில் இவற்றைப் பிரிப்பது ஒரே ஒரு விஷயம்: வேலை இல்லாமல் போகிற நாள் யார் தலையில் விழுகிறது? கார்த்திகை, மார்கழியில் அடைமழை பிடித்தால் வன்னியில் பாதி வேலை நின்றுவிடும். கரண்ட் போகும், சீமெந்து லொறி வராது, குளத்தில் தண்ணீர் இல்லை என்று கோடை நெற்பயிரான சிறுபோகம் சுருங்கும். அந்த நாட்களின் நட்டத்தை முதலாளி சுமக்கிறாரா, தொழிலாளி சுமக்கிறாரா என்பதைத்தான் நீங்கள் தெரிவு செய்கிற முறை தீர்மானிக்கிறது. சட்டம் சொல்கிற 1,200 வேலை செய்த நாளுக்கு உரியது. வேலையே கொடுக்காத நாளைப் பற்றி நாட்கூலிக்காரர் யாரிடம் போய்க் கேட்பது?

மாதச் சம்பளத்தில் அந்த நாட்கள் முதலாளியின் பொறுப்பு. அதற்குப் பதிலாக, காலையில் கடை திறக்கும்போது ஆள் நிற்கும் என்ற நிச்சயம் அவருக்குக் கிடைக்கிறது. கணக்கைப் பாருங்கள். சம்பளம் 30,000. ஊழியர் சேமலாப நிதிக்கு (ஈபிஎஃப்) முதலாளியின் பங்கு 12 வீதம், அதாவது 3,600. ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதிக்கு 3 வீதம், 900. ஆக ஓர் ஆளுக்கு மாதம் 34,500 ரூபா செலவு. தொழிலாளியின் 8 வீதமான 2,400 அவரது சம்பளத்திலிருந்து போகும், கையில் கிடைப்பது 27,600. ஆனால் சேமலாப நிதியில் அவர் பெயருக்கு மாதம் 6,000, வருடத்துக்கு 72,000 சேர்கிறது. வட்டி வேறு.

இந்த 27,600 என்ற இடத்தில்தான் சிக்கல் தொடங்கும். கிளிநொச்சியில் ஒரு புடவைக்கடைக்கு வேலைக்கு வந்த பிள்ளை முதல் மாதமே சொன்னாள்: "அண்ணை, எனக்கு ஈபிஎஃப் வேண்டாம். முழுக் காசையும் கையில தாங்கோ." கிழமைக்குக் கிழமை நுண்கடன் தவணை கட்டுகிற வீட்டில் 2,400 ரூபா சின்னத் தொகை இல்லை என்பது எனக்கும் விளங்குகிறது. முதலாளிக்கும் அது வசதி, அவரது 4,500 மிச்சம். இருவரும் சிரித்துக்கொண்டே ஒத்துக்கொள்வார்கள். ஆனால் அந்த ஒத்துக்கொள்ளல் சட்டத்தில் செல்லாது. பிள்ளை மூன்று வருடம் கழித்து வேலையை விட்டுவிட்டுத் தொழில் திணைக்களத்தில் ஒரு முறைப்பாடு கொடுத்தால், கட்டாமல் விட்ட பங்கு முழுவதும் முதலாளியிடம் கேட்கப்படும். அதோடு பிந்திய காலத்தைப் பொறுத்து 5 வீதத்திலிருந்து 50 வீதம்வரை மேலதிகக் கட்டணமும் சேரும். மிச்சம் பிடித்த காசைவிடக் கட்டுகிற காசு கூடிவிடும்.

பிள்ளைக்கும் ஒரு வார்த்தை சொல்லவேண்டும். பெண்கள் 50 வயதிலும் ஆண்கள் 55 வயதிலும் இந்தப் பணத்தை எடுக்கலாம். கலியாணத்துக்காக வேலையை விடுகிற பெண்ணுக்கு அதற்கு முன்னரே எடுக்க வழி இருக்கிறது. வன்னியில் சீட்டுக் கட்டி ஏமாந்தவர்களை நாம் எல்லோரும் அறிவோம். முதலாளியின் 12 வீதத்தையும் சேர்த்துக்கொண்டு வருகிற சீட்டு வேறு எங்கும் இல்லை.

மாதச் சம்பளத்தில் முதலாளிமார் கவனிக்காமல் விடுகிற இன்னொரு செலவு நேரம். கடை, அலுவலக ஊழியர் சட்டம் 1954ஆம் ஆண்டுச் சட்டம். ஒரு நாளுக்கு எட்டு மணித்தியாலம், கிழமைக்கு 45, கிழமையில் ஒன்றரை நாள் லீவு என்பது அதன் அளவு. இங்கே பெரும்பாலான கடைகள் காலை எட்டிலிருந்து இரவு எட்டுவரை. சாப்பாட்டுக்கு ஒரு மணித்தியாலம் விட்டாலும் பதினொரு மணித்தியாலம் நிற்கிறார்கள். மிஞ்சுகிற மூன்று மணித்தியாலத்துக்கும் ஒன்றரை மடங்கு கொடுக்கவேண்டும். 30,000 ஐ 240 ஆல் பிரித்தால் மணித்தியாலத்துக்கு 125 ரூபா. ஒன்றரை மடங்கு 187.50. மூன்று மணித்தியாலத்துக்கு 562.50. இருபத்தைந்து நாள் என்றால் பதினாலாயிரத்தைத் தாண்டும். அதைக் கொடுக்க மனம் வந்தாலும், மேலதிக நேரத்துக்குக் கிழமைக்கு 12 மணித்தியாலம் என்று ஒரு எல்லையும் இருக்கிறது. முப்பதாயிரத்தைப் பற்றிப் புலம்புகிற எத்தனையோ பேர் இந்தப் பதினாலாயிரத்தைக் கொடுக்காமல் வைத்திருப்பதைப் பேசமாட்டார்கள்.

இதற்கு வழி ஆட்களின் நேரத்தைப் பிரிப்பதுதான். காலை எட்டுக்கு வருகிற பிள்ளைகளை ஐந்து மணிக்கு அனுப்பிவிடுங்கள், அவர்களுக்கும் பொழுதுபடுவதற்குள் பஸ் கிடைக்கும். பதினொரு மணிக்கு வந்து எட்டு மணிவரை நிற்க ஒரு பொடியனை வையுங்கள். பின்னேரம் நாலு மணிக்கும் ஏழு மணிக்கும் இடையில்தான் சனம் கூடும் என்றால் அந்த நேரத்துக்கு ஆள் இருப்பார். பொங்கல், சித்திரை வருடப் பிறப்பு, மே தினம் போன்ற சட்ட விடுமுறை நாட்களும் போயா (பௌர்ணமி) நாட்களும் சம்பளத்தோடு கூடியவை. போயா நாளில் கடை திறந்து ஆளை நிற்க வைத்தால் அந்த நாளுக்கு ஒன்றரை மடங்கு. வன்னியில் போயாவுக்கு யார் கடை பூட்டுகிறார்கள் என்று கேட்பீர்கள். பூட்டவேண்டாம், கொடுத்தால் போதும்.

நாட்கூலிக்கு வருவோம். இது மலிவு என்ற நம்பிக்கை எங்கிருந்து வந்ததோ தெரியாது. 1,200 ஐ 25 நாளால் பெருக்கினால் அதே 30,000 தான். போதாததற்கு, வன்னியில் ஆண்களின் கூலி 1,200 ஐத் தாண்டி எவ்வளவோ நாளாகிவிட்டது. மண் வெட்டவோ மேசனுக்குக் கையாளாக நிற்கவோ அந்தக் காசுக்கு ஒருவரும் வரமாட்டார்கள். உதாரணத்துக்கு உங்கள் ஊரில் கூலி 2,000 என்று வைத்துக்கொள்வோம். 30,000 ஐ அதனால் பிரித்தால் 15 நாள். மாதத்தில் 15 நாளுக்கு மேல் அந்த ஆள் தேவைப்பட்டால் மாதச் சம்பளம்தான் உங்களுக்கு மலிவு. அதற்குக் குறைந்தால் நாட்கூலி. உங்கள் ஊர்த் தொகையைப் போட்டு நீங்களே பிரித்துப் பாருங்கள், வேறு ஆலோசனை தேவைப்படாது. ஆனால் நாளுக்கு 2,000 எடுக்கக்கூடியவர் மாதம் 30,000 க்கு ஏன் வரப்போகிறார்? வருவார், வருடம் முழுக்க வேலை நிச்சயம் என்றால். அல்லது 35,000, 40,000 கேட்பார். பேசித்தான் பார்க்கவேண்டும்.

1,200 என்ற எல்லை உண்மையில் கடிக்கிற இடம் பெண்களின் கூலி. களை பிடுங்க, கச்சான் பிடுங்க, உழுந்து பிடுங்க என்று போகிறவர்களுக்கு ஒரே வயலில் ஆணுக்கு ஒரு கூலி, பெண்ணுக்குக் குறைந்த கூலி என்பது இங்கே பழக்கமாகிப்போனது. ஆம்பிளையள் பாரம் தூக்குகினம், பொம்பிளையள் குனிஞ்சு நிமிருறதுதானே என்பார்கள். நாலு மணித்தியாலம் குனிந்து நின்றவர் அப்படிச் சொல்லமாட்டார். எப்படியோ, சட்டத்தின் 1,200 க்கு ஆண் பெண் தெரியாது. நாளுக்கு அதற்குக் குறைய ஒரு பெண்ணுக்குக் கொடுத்தால் அது சட்டமீறல், அவர் அந்தக் காசுக்குச் சம்மதித்திருந்தாலும்.

பயிர் வேலைக்கு நாட்கூலியைத் தவிர வேறு வழி பெரிதாக இல்லை. மழைக்கால நெற்பயிரான காலபோகத்துக்கு ஐப்பசியில் விதைத்து மாசி, பங்குனியில் வெட்டுகிறோம். இடையில் களையெடுப்பும் மருந்தடியும் சில நாட்கள். சிறுபோகம் இரணைமடுவிலும் முத்தையன்கட்டிலும் வவுனிக்குளத்திலும் எவ்வளவு தண்ணீர் நிற்கிறது என்பதைப் பொறுத்து எத்தனை ஏக்கர் என்று கூட்டத்தில் முடிவாகும். வெட்டு மெசின் வந்த பிறகு அருவி வெட்டு (கையால் நெல் அறுப்பது) என்ற வேலையே காணாமல் போய்விட்டது. இந்த நிலையில் ஒரு கமக்காரர் ஆளை மாதச் சம்பளத்துக்கு வைக்க முடியாது. அவரிடம் நான் எதிர்பார்ப்பது கூலியைச் சரியாகக் கொடுப்பது, அன்றைக்கே கொடுப்பது, இரண்டும்தான். "நெல்லு வித்த பிறகு தாறன்" என்பது கூலி இல்லை, வட்டி இல்லாமல் வாங்குகிற கடன்.

ஆனால் அரிசி ஆலையிலோ கடையிலோ ஒரே ஆள் மாதம் 22 நாள், 24 நாள் வந்துகொண்டிருக்கும்போது அவரை நாட்கூலி என்று எழுதிவைப்பது கண்ணை மூடிக்கொண்டு இருட்டு என்பது போலத்தான். ஆள் நிரந்தரமா தற்காலிகமா என்று சேமலாப நிதிச் சட்டம் பார்ப்பதில்லை. நாட்கூலிக்கும் அதே 12, 8, 3 வீதம்.

கொந்தராத்து இந்த மூன்றிலும் ஆகச் சுவையானது, ஆகக் கூடுதலாகக் குழப்புவதும் அதுதான். மீள்குடியேற்றத்துக்குப் பிறகு வன்னி இந்த முறைக்கு நன்றாகப் பழகியது. இந்திய வீட்டுத்திட்டத்தில் ஒரு வீட்டுக்கு 550,000 ரூபா, அதுவும் கட்டம் கட்டமாக வந்தது. அத்திவாரம் முடித்தால் ஒரு தவணை, சுவர் எழும்பினால் இன்னொன்று. வீட்டுக்காரருக்கு வேலை இந்தத் திகதிக்குள் முடியவேண்டும், மேசனுக்கு அடுத்த வீட்டுக்கு ஓடவேண்டும். நாட்கூலி பேசினால் இழுபடும் என்று இரண்டு பேரும் முழு வேலைக்கும் ஒரு தொகை பேசிக்கொண்டார்கள். அது சரியான இடத்தில் சரியான முறை. மேசன் தன் கரண்டியோடும் மட்டப்பலகையோடும் வந்தார், தன் ஆட்களைத் தானே கூட்டிவந்தார், தான் வராத நாளில் வேறொருவரை அனுப்பினார். அவர் உண்மையான கொந்தராத்துக்காரர்.

அதே பெயரைச் சீமெந்துக் கல் அரிகிற (அச்சில் வார்க்கிற) முற்றத்துக்குக் கொண்டுபோனால் கதை மாறுகிறது. மெசின் முதலாளியுடையது, மணலும் சீமெந்தும் முதலாளியுடையது, எத்தனை மணிக்கு வரவேண்டும் என்பதும் அவர் சொல்வதுதான். கல்லுக்கு இவ்வளவு என்று கொடுப்பதால் மட்டும் அங்கே நிற்பவர் கொந்தராத்துக்காரர் ஆகிவிடமாட்டார். துண்டுக் கணக்கில் சம்பளம் வாங்குகிற தொழிலாளிதான் அவர். துண்டுக் கணக்கில் கொடுக்கும் காசும் சேமலாப நிதிக்குரிய வருமானத்தில் சேரும்.

துண்டுக் கணக்கே கூடாது என்று நான் சொல்லவில்லை. கை வேகமானவருக்கு அது நல்லது. நாள் முழுக்க முதலாளி தலைக்குமேல் நிற்கவும் தேவையில்லை. கல்லுக்கு 12 ரூபா என்று வைத்தால் நூறு கல்லில் 1,200 வந்துவிடும், அதற்கு மேல் அரிவதெல்லாம் அவருக்கு லாபம். கெட்டுப்போவது வேறு இடங்களில். பன்னிரண்டு மணிவரை சீமெந்து வரவில்லை, அவர் மரத்தடியில் இருந்தார், பின்னேரம் நாற்பது கல் அரிந்தார். 480 ரூபா. அவர் வேலைக்கு வந்த நாள் அது; சாமான் வராதது அவரது பிழை இல்லை. மழையில் கரைந்த கல்லையும் ஏற்றும்போது உடைந்த கல்லையும் அவர் கணக்கில் கழிப்பவர்களும் இருக்கிறார்கள். ஆகவே துண்டுக் கணக்கு வைக்கிறவர் ஒரு விதியைச் சேர்த்துக்கொள்ளவேண்டும்: வேலைக்கு வந்த நாளில் கல் எத்தனை என்றாலும் 1,200 க்குக் குறையாது. இதைச் சொன்னால் "அப்ப அவன் சும்மா இருந்து போட்டுப் போயிடுவான்" என்பார்கள். அப்படி இருப்பவரை இரண்டு நாளில் கண்டுபிடித்துவிடலாம். சாமான் வராத நாட்களைக் குறைக்க முதலாளிக்கு ஒரு காரணம் கிடைக்கிறதே, எனக்கு அதுதான் முக்கியம்.

ஆக, கேட்கிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான். கடைக்கும் மருந்துக்கடைக்கும் சாப்பாட்டுக்கடைக்கும் மாதச் சம்பளம், யோசிக்க ஒன்றுமில்லை. அரிசி ஆலைக்கு மெசின் தெரிந்த இரண்டு பேரை மாதச் சம்பளத்தில் பிடித்து வையுங்கள். அறுவடைக் காலத்தில் மூட்டை ஏற்றி இறக்க வருகிறவர்களுக்கு நாட்கூலி. கல் அரிகிற இடத்துக்கு, நான் சொன்ன எல்லையோடு, துண்டுக் கணக்கு. வீடு, மதில், கிணறு கட்டக் கொந்தராத்து. கிளிநொச்சிப் பக்கம் கடை வைத்திருப்பவர் இன்னொன்றையும் நினைக்கவேண்டும்: அறிவியல் நகர் ஆடைத் தொழிற்சாலைகளுக்கு ஊர் ஊராகப் பஸ் வந்து பிள்ளைகளை ஏற்றிப்போகிறது. அங்கே சேமலாப நிதி முறையாகக் கட்டப்படும், மேலதிக நேரத்துக்குக் காசு உண்டு. உங்கள் கடையில் பழகிய பிள்ளை ஏன் போகிறாள் என்று கேட்பதற்கு முன் இந்த இரண்டையும் நீங்கள் கொடுக்கிறீர்களா என்று பாருங்கள்.

நாலாவது முறையும் ஒன்று இருக்கிறது, அதை நான் தெரிவுகளில் சேர்க்கவில்லை. "சாப்பாடும் குடுத்து, படுக்க இடமும் குடுத்து, கையில இருபதாயிரமும் குடுக்கிறன்" என்பது. மலையகத்திலிருந்தோ தூரத்துக் கிராமத்திலிருந்தோ வந்து கடைக்கு மேலேயே தங்கி நிற்கிற பொடியன்களுக்கு இதுதான் வழமை. இப்படி நிற்பவருக்கு வேலை நேரம் என்று ஒன்று இல்லை. இரவு பத்து மணிக்கு லொறி வந்தாலும் இறக்கவேண்டும். உண்கிற சோற்றைச் சொல்லிக் காட்டிக் கூலியைக் குறைப்பது நம்மூரில் எப்போதும் கேவலமாகப் பார்க்கப்பட்ட விஷயம். கணக்கிலும் அது நிற்காது. சேமலாப நிதிக்குப் பங்களிப்பைக் கணக்கிடும்போது முதலாளி கொடுக்கும் சாப்பாட்டின் பெறுமதியையும் சேர்க்கச் சொல்கிறது சட்டம். சாப்பாடு கொடுப்பதால் கட்டவேண்டிய தொகை கூடும், குறையாது.

முற்பணமும் கிட்டத்தட்ட இதே சங்கதி. பிள்ளையின் பள்ளிக்கூடச் செலவுக்கோ செத்தவீட்டுக்கோ 50,000 முற்பணம் கொடுப்பது உதவிதான். ஆனால் அந்தக் கடன் கழியும்வரை கூலி உயராது, வேறு இடத்துக்குப் போகவும் முடியாது என்று ஆகும்போது அது உதவி இல்லை. முற்பணத்தைத் தனிக் கொப்பியில் எழுதுங்கள், மாதம் எவ்வளவு கழிப்பது என்று முதலிலேயே பேசுங்கள், சம்பளம் கூடவேண்டிய நேரத்தில் கூட்டுங்கள்.

முறையைத் தெரிவு செய்தாயிற்று என்றால் முதல் கிழமையிலேயே செய்யவேண்டியவை சில உண்டு. வேலை நேரம், சம்பளம், லீவு மூன்றையும் ஒரு தாளில் எழுதி இருவரும் ஒப்பமிட்டு ஆளுக்கொரு பிரதி வைத்துக்கொள்ளுங்கள். வரவுப் பதிவுப் புத்தகம் ஒன்று வாங்குங்கள். நாட்கூலிக்கும் துண்டுக் கணக்குக்கும் அது மாதச் சம்பளத்தைவிட இன்னும் அவசியம், ஏனென்றால் பின்னால் பிரச்சினை வந்தால் எத்தனை நாள் வேலை என்பதுதான் முதல் கேள்வியாக இருக்கும். ஆட்கள் பதினைந்தாகப் போகிறார்கள் என்றால் பணிக்கொடைச் சட்டம் வந்துவிடும். ஐந்து வருடம் நின்றவருக்கு வருடத்துக்கு அரை மாதச் சம்பளம் வீதம் ஒதுக்கத் தொடங்குங்கள். தொழில் திணைக்களத்தில் தொழில் வழங்குநராகப் பதிந்து, ஒவ்வொருவருக்கும் அங்கத்துவ இலக்கம் எடுத்து அதை அவர் கையில் எழுதிக் கொடுங்கள். ஜனவரிச் சம்பளத்துக்கான பங்களிப்பைப் பெப்ரவரியின் கடைசி வேலைநாளுக்குள் கட்டவேண்டும்.